தூக்கில் வந்த ரோஸ்மேரித் தண்ணீர்

கொல்கத்தாவின் பெஹாலாவில், எங்கள் கட்டடத்து மொட்டைமாடியில் வசுமதி மாமி ரோஸ்மேரிச் செடி வளர்க்கிறார். குன்னூரிலிருந்து கொண்டுவந்த குச்சிகள். இந்த ஊர் மழைக்கு வேர் அழுகிவிடும் என்று தொட்டியில் பாதிக்கு மணல் போட்டிருக்கிறார். வானம் கறுத்தால் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடுவார். முடி கொட்டுகிறது என்று யார் வந்தாலும், இலையைக் கொதிக்கவைத்துக் கறுக்கக் கறுக்க வற்றவைத்து, தலையில் தடவக் கொடுப்பார்.

கீழ்வீட்டு ஹம்சினிக்கு ஐந்தாம் மாதம். நெஞ்சு கரிக்கிறது என்றாள் என்று மாமி தினமும் எவர்சில்வர் தூக்கில் சீரகக் கஷாயம் ஊற்றி அவள் வீட்டுக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு வருவார். ஒருநாள் கஷாயத்துக்குப் பதில், அவள் முடிக்கென்று ரோஸ்மேரித் தண்ணீரை அதே தூக்கில் ஊற்றி, சொல்லாமல் மாட்டிவிட்டார்.

மத்தியானம் ஹம்சினி தூக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

“இன்னிக்கு என்ன மாமி, கஷாயத்துல கற்பூரமா போட்டேள்? மூக்கைப் பிடிச்சுண்டு குடிச்சேன்.”

“அடிப்பாவி, அது தலைக்குத் தடவறதுடீ!”

“தூக்குல வந்தா குடிக்கத்தானே?”

“எவ்வளவு குடிச்சே?”

“பூரா.”

மாமியின் முகம் வெளுத்தது. அளவு மீறினால் அது கர்ப்பப்பைக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியும். ஊரில் என்றால் அம்மாவோ அத்தையோ பார்த்துக்கொள்வார்கள். இங்கே அடுத்த வீட்டார் கொடுப்பதை நம்பிக் குடிப்பதுதான் வழி. ஹம்சினியின் கணவன் சாய் கிருஷ்ணா ஊரின் மறுகோடியில், செக்டர் ஃபைவ் ஆபீசில் இருந்தான். மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏறினோம். டயமண்ட் ஹார்பர் ரோட்டில் வண்டி நகரவே இல்லை.

“வயிறு இழுக்கறதா?”

“இல்லை மாமி.”

“இப்போ?”

“நீங்க கேக்கறதுலயே இழுத்துடும் போலிருக்கு.”

சிரித்தாள். ஆனால் என் விரலை விடாமல் பிடித்திருந்தாள்.

டாக்டர் ஸ்கேன் செய்தார். இதயத் துடிப்பு கேட்டது. “இப்போதைக்கு பயமில்லை. வலியோ ரத்தமோ கண்டால் உடனே வாருங்கள்” என்றார், வங்க மொழியில். மாமியின் காதில் ‘இப்போதைக்கு’ மட்டுமே விழுந்தது.

வாரங்கள் போய்விட்டன. ஹம்சினி நன்றாகத்தான் இருக்கிறாள். மாமி இப்போது இலை கேட்டு வரும் எழுபது வயது வங்காளிக் கிழவியிடம்கூட “உண்டாயிருக்கியா?” என்று விசாரித்து வாங்கிக்கட்டிக்கொள்கிறார். காலையில் ஹம்சினி வீட்டு மணியை அடித்து, “அசையறதா?” என்று கேட்காமல் காப்பி குடிப்பதில்லை.

இன்று கதவு திறக்கத் தாமதமாயிற்று. அவள் குளித்துக்கொண்டிருந்தாளாம். அதற்குள் மாமி படியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.