வேலூருக்குக் கண் பார்க்கப் போனோம்

எண்பதுகளின் நடுவில், எனக்கு முப்பத்தாறு வயதில், கருப்பை வாயில் ஒரு கோளாறு இருப்பதாக வேலூர் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். "இது புற்றுநோய் இல்லம்மா. அப்படியே விட்டா பின்னால ஆகலாம்" என்றார் டாக்டரம்மா. அந்த இடத்தை உறைய வைத்து அழித்தார்கள். ஒரே நாளில் முடிந்துவிட்டது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து சோதித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

எங்கள் ஆரணித் தெருவில் ஒருத்தி காலையில் பஸ் ஏறினால், மத்தியானத்துக்குள் எல்லா வீட்டுக்கும் காரணம் தெரிந்தாக வேண்டும். என் கணவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. கேட்டவர்களிடம், "கண்ணுங்க. பட்டு நூல பாத்துகினே இருந்து கண்ணு பூடுச்சு" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் தெருவில் தடவித் தடவி நடந்தேன். வீட்டுக்குள் வந்ததும் தறியில் அறுந்த பட்டிழைகளைத் தேடி முடிச்சுப் போட்டேன். கண் போனவள் இதை எப்படிச் செய்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

முதல் சோதனைக்குக் கிளம்பிய காலை, பக்கத்து வீட்டு அக்கா பஸ் ஸ்டாண்டில் கூடையோடு நின்றிருந்தார். "எனுக்கும் ஒரு வருசமா கண்ணு மங்கலா கீது. உன் டாக்டருகிட்டயே காட்டிடலாம்னு வந்தேன்" என்றார். கண்ணமங்கலத்தில் பஸ் நின்றபோது, பொய்யைக் காப்பாற்ற, "எந்த ஊருக்கா?" என்று கேட்டேன். பாவம், கண்ணைச் சுருக்கிச் சுருக்கிக் கடைப் பலகையைப் படித்துச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் அவரைக் கண் பிரிவில் விட்டுவிட்டு நழுவ நினைத்தேன். அவர் என் முந்தானையை விடவில்லை. எனக்குச் சீட்டு வாங்கிய இடத்திலேயே தனக்கும் வாங்கிக்கொண்டார்.

"இன்னாமா, எல்லாம் பொம்பளைங்களாவே கீறாங்க?"

"பொம்பளைங்களுக்குத் தனிக் கண் டாக்டருக்கா" என்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

முதலில் அவரைத்தான் கூப்பிட்டார்கள். திரைக்குப் பின்னால் பேசியது பெஞ்சு முழுக்கக் கேட்டது.

"என்னம்மா கஷ்டம்? வெள்ளை படுதா?" என்றார் நர்ஸ்.

"ஆமாங்க. காலைல எழுந்தா ஜாஸ்தி."

"அரிப்பு?"

"கீதுங்க. கசக்கிகினே இருப்பேன். ஈரத்துணி வெச்சி தொடச்சாத்தான் தொறக்கவே முடியுது."

பிறகு நர்ஸ், "பாவாடை நாடாவத் தளத்திட்டுப் படுங்க" என்றார்.

அக்கா திரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தார். "ஏமா, கண்ணு பாக்கறதுக்குப் பாவாட எதுக்குமா?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாததை அத்தனை பேர் முன்னால் சொன்னேன். திரும்பவும் வந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது என்பதையும் சொன்னேன்.

"இத எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா? என் கண்ணே அவிஞ்சி கீது, அதுல உனுக்கு ஊரு பேரு வேற படிச்சி சொன்னேனே!" என்று திட்டினார். திட்டியபடியே என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நர்ஸிடம், "கல்யாணமானவங்க எல்லாரும் பாத்துக்கலாமா இத?" என்று கேட்டார். நர்ஸ் தலையாட்டியதும், "அப்ப வந்தது வந்துட்டேன், எனுக்கும் பாருங்க" என்று உள்ளே போனார்.

அடுத்து நான். மரக்குச்சியால் லேசாக வழித்து, கண்ணாடிச் சில்லில் தேய்த்துக்கொண்டார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நாங்கள் வெளியே வந்தபோது கண் பிரிவை மூடிவிட்டிருந்தார்கள்.

பதினைந்து நாள் கழித்து முடிவு வாங்கவும், அக்காவின் கண்ணைக் காட்டவும் இருவரும் போனோம். கருப்பைச் சோதனையில் அக்காவுக்கு ஒன்றுமில்லை. "உங்களுக்கும் சுத்தமா இருக்கு. ஆனா வர்றத நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டரம்மா. அக்கா என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"காலைலேர்ந்து ஒண்ணுமே துன்னல நீ. எழுந்துரு, இட்லி துன்னலாம்."

எட்டு இட்லி சாப்பிட்டேன்.