மழைப் பையில் இரண்டு டிஸ்க்

எனக்குத் தேதி எழுதும் வியாதி உண்டு. வாங்கிய புத்தகம், மாற்றிய பல்பு, வந்து போன வாடிக்கையாளர் என்று எல்லாவற்றுக்கும் நாட்குறிப்பில் ஒரு வரி இருக்கும். இந்தப் பழக்கம் இலங்கை மலைநாட்டில், பசறையில் ஸ்டூடியோ வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் தொற்றியது. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக ஸ்டூடியோ, கம்ப்யூட்டர் கடை வைக்கும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது, எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம் என்பதைத்தான். அதற்கு நேராகப் பதில் சொல்ல எனக்கு வராது. தவமணியின் கதையைத்தான் சொல்வேன்.

1. பல்பு அலமாரி

நான் வேலைக்குச் சேர்ந்தது ஒரு ஆவணி மாதத் திங்கட்கிழமை. முதலாளி யாழ்ப்பாணத்தவர், அதிகம் பேசமாட்டார். கடையின் பின்னறையில் ஒரு மர அலமாரி. அதற்குள் பட்டப் பகலில் சின்ன பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. வீணாக எரிகிறதே என்று, நல்ல பெயர் வாங்கும் ஆசையில் அணைத்துவிட்டேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு முதலாளி அதைக் கண்டார். கோபிக்கவில்லை. கதவைத் திறந்து, உள்ளே வரிசையாக இருந்த லென்ஸ்களைக் காட்டினார். இந்த மலைப் பனிக்கு லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும், அந்தச் சூடு அதற்காகத்தான் என்று சொல்லிவிட்டு பல்பை மறுபடி போட்டார். பிறகு நெகட்டிவ் உறைகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் பெயர், தேயிலைத் தோட்டம், தோட்டத்தில் எந்த டிவிசன், தேதி.

“தம்பி, படம் பிடிக்கிறது அரைவாசி வேலை. கேட்டவுடனை தேடி எடுத்துக் குடுக்கிறதுதான் மற்ற அரைவாசி. விளங்குதோ?”

விளங்கியது என்றேன். முழுதாக விளங்க முப்பது வருடத்துக்கு மேல் ஆனது.

2. போன் நிறைந்துவிட்டது

முதலாளி காலமாகி, பிலிம் போய், கடையில் கேமராவைவிடக் கம்ப்யூட்டர் அதிகமாகிவிட்ட காலம். ஒரு மாசி மாத வியாழக்கிழமை தவமணி வந்தாள். எங்கள் ஊருக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொள்பவள். அம்மாமார் மலைக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம்தான் பிள்ளை மடுவம். தவமணிக்கு அங்கே இருபது வருடத்துக்கு மேல் சேவை. அவளுடைய பேரன் கவிஷனும் அங்கேதான் வளர்கிறான். மகன் சுரேஷின் பிள்ளை. மருமகள் மாலாவும் கொழுந்துக்குப் போகிறவள்.

போனில் இடமே இல்லை, எதை அழிக்கச் சொன்னாலும் மனம் வரவில்லை என்றாள். பார்த்தேன். எல்லாம் வீடியோ. குழந்தைகள் கவிழ்வது, எழுந்து நிற்பது, முதல் அடி வைப்பது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி ஃபோல்டர். எதற்கு இவ்வளவு என்று கேட்டேன்.

“அம்மாக்காரி கொழுந்துக்குப் போயிருவாண்ணே. புள்ள மொத அடி எடுத்து வைக்கிறத நான்தானே பாக்குறேன். பெத்தவ பாக்க வேணாமா?”

பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயது வந்து மடுவத்தை விட்டுப் போகும் தை மாதத்தில், அந்த வீடியோக்களை அம்மாவுக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். அடுத்த தையில் கவிஷனோடு சேர்த்து ஒன்பது பிள்ளைகள் போகிறார்கள். அத்தோடு அவளுக்கும் ஓய்வு.

போனுக்கு மாற்றாக ஏற்கெனவே ஒரு சாமானும் வாங்கி வந்திருந்தாள். பதினாறு டெராபைட் என்று மேலே அச்சடித்திருந்தது. யாரோ ஆன்லைனில் மலிவாக வரவழைத்துக் கொடுத்தது. பதினாறு டெராபைட் அவ்வளவு சின்ன சாமானில், அந்த விலைக்கு வராது. சோதித்துப் பார்த்தேன். கொஞ்சம் நிறைந்ததும் புதியது பழையதன் மேலேயே ஏறி எழுதியது. அவளைக் கேட்டுக்கொண்டு திறந்தேன். உள்ளே நகம் அளவு மெமரி கார்ட் ஒன்று பசையில் ஒட்டியிருந்தது. கை கனக்க வேண்டும் என்று பக்கத்தில் ஒரு இரும்புத் துண்டு.

தவமணி அதை எடுத்துப் பார்த்துச் சிரித்தாள். “கொழுந்துல தண்ணியத் தெளிச்சு நிறுக்கக் கொண்டுவந்த மாதிரியில்ல இருக்கு.”

பிறகுதான் தேர்வு. அவளிடம் கம்ப்யூட்டர் இல்லை, போனில் வயர் மாட்டித்தான் ஏற்ற வேண்டும். சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்கு உள்ளே தட்டுச் சுற்றுவதால், பல போன்களின் மின்சாரம் அதற்குப் போதாது. தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. போனிலேயே வேலை செய்யும், கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் அதே விலைக்குக் கொள்ளளவு குறைவு. அவளிடம் இருந்தது எவ்வளவு, வருடத்துக்கு எவ்வளவு கூடும் என்று எழுதிக் கூட்டிப் பார்த்தோம். ஐந்நூறு ஜி.பி. தாராளம். அதை அன்றாடப் பாவனைக்கு எடுத்தோம். பாதுகாப்புப் பிரதிக்கு ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். மாதம் ஒருமுறை இரண்டையும் கடைக்குக் கொண்டுவந்தால், சின்னதில் இருப்பதைப் பெரியதில் ஏற்றித் தருவேன் என்று ஏற்பாடு.

இரண்டுக்கும் லேபல் ஒட்டினேன். ஒன்று, இரண்டு, தேதி. ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் பஞ்சு வைத்து இரண்டையும் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்துக் கொடுத்தேன். பார்க்க இரட்டைக் குழந்தை போல அழகாக இருந்தது. அன்றைய நாட்குறிப்பில் “நல்ல வேலை” என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை.

3. பை

தவமணி குடியிருக்கும் லயம் என்ற தோட்டக் குடியிருப்பு வரிசைக்கு மேலே மலையில் ஒரு வெடிப்பு உண்டு. அதனால் ஐப்பசி பிறந்தால் அந்த லயத்தில் ஒவ்வொரு காம்பரா வீட்டின் கதவுக்குப் பின்னாலும் ஒரு பை தொங்கும். மழைப் பை என்பார்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், கிளினிக் கார்ட், டார்ச், பிள்ளைக்கு ஒரு சுவெட்டர். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் வேறு எதையும் தேடாமல் அந்தப் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். பையில் இல்லாதது விட்டுப்போனது என்று அர்த்தம்.

கார்த்திகை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எச்சரிக்கை வந்தது. செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்கு, கடை திறக்கும் முன்பே தவமணி படியில் நின்றாள். கையில் அந்தப் பெட்டி. மூடியைத் திறந்தபோது உள்ளே செம்மண் குழம்பு.

நடந்ததை அவள் சுருக்கமாகத்தான் சொன்னாள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் மழைநீர் ஓடும் கான் ஒன்றைத் தாண்ட வேண்டும். தண்ணீர் முழங்காலுக்கு மேல். இடுப்பில் கவிஷன், ஒரு கையில் அடுத்த வீட்டுப் பிள்ளை, தோளில் பை. நடுவில் கால் வழுக்கியது.

“பைய விட்டாத்தான் புள்ளயப் புடிக்க ஏலும். விட்டுட்டேன்.”

மறுநாள் வெயில் கண்டதும், பக்கத்து வீட்டுக்காரர் கானின் கீழ் வளைவில் சேற்றைக் கிளறிப் பையை எடுத்துக் கொடுத்திருக்கிறார். கடுதாசிகள் பிளாஸ்டிக் உறையில் இருந்ததால் தப்பின. பெட்டி தப்பவில்லை.

போனில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். டிஸ்க் இருக்கும் தைரியத்தில் எல்லாவற்றையும் அழித்திருந்தாள். மற்ற காப்பி எங்கே என்று கேட்டேன். கேட்ட உடனேயே பதில் எனக்குத் தெரிந்துவிட்டது.

“ரெண்டும் இதுக்குள்ளதாண்ணே. நீங்கதானே ஒரே பொட்டியில போட்டுக் குடுத்தீங்க? முக்கியமான சாமான மழப் பையில வைக்காம வேற எங்க வைப்பாங்க?”

அவள் குறை சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டாள். இரண்டு பிரதி வேண்டும் என்று சொல்லத் தெரிந்த எனக்கு, இரண்டும் ஒரே மழையில் நனையக் கூடாது என்று சொல்லத் தோன்றவில்லை. அவளுடைய ஊரின் வழக்கப்படி அவள் செய்தது சரி. கடைக்காரன் செய்ததுதான் பிழை.

தை பிறக்க ஏழெட்டு வாரம் இருந்தது. ஒன்பது அம்மாமாரும் நாள் எண்ணிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அவர்களிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.

4. ஒரு வாரம்

நனைந்த டிஸ்க்கை உடனே கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. மின்சாரம் பட்டால் ஈரம் சர்க்கியூட்டை எரித்துவிடும். ஹார்ட் டிஸ்க்கை நான் திறக்கவில்லை, கொழும்பில் இதையே தொழிலாகச் செய்யும் ஒருவருக்கு அனுப்பினேன். தட்டு வரைக்கும் மண் போயிருக்கிறது, கை வைக்க முடியாது என்று பதில் வந்தது.

எஸ்.எஸ்.டி.யை மட்டும் கழற்றி, பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் அலசி, பார்மசி ஸ்பிரிட்டால் மெல்லிய பிரஷ் கொண்டு துடைத்தேன். இது உறுதியான வைத்தியம் இல்லை, வேறு வழி இல்லாததால் செய்தது. பிறகு உலர்த்த வேண்டும். அடுப்பு மேலே வைக்கட்டுமா என்று தவமணி கேட்டாள். அந்தச் சூடு ஆகாது. கையில் தாங்கக்கூடிய மிதமான சூடு, விடாமல், நாள்கணக்கில் வேண்டும். அப்படி ஒரு இடம் என் கடையில் ஏற்கெனவே இருந்தது.

முதலாளியின் அலமாரியில் லென்ஸ்களைத் தள்ளிவைத்து இடம் பண்ணினேன். முதல் நாள் நான் அணைத்த அதே இடத்தில் எரியும் பல்பு. தவமணி ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறி வந்து, அலமாரியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். தொட்டிலில் தூங்கும் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்ப்பாள்.

எட்டாம் நாள் அவளை அருகில் உட்கார வைத்து, கடையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் மாட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வந்தன, பிள்ளைகளின் பெயரோடு. உடனே வேறு இடத்தில் ஏற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அவள் மூச்சு விட்ட சத்தம் கேட்டது.

ஒன்பது முதல் அடிகளையும் வரிசையாகத் திறந்தேன். எட்டு ஓடின. ஒன்பதாவது திறக்கவில்லை. அது கவிஷனுடையது.

சேற்றைக் குற்றம் சொல்ல முடியாது. போனில் இருந்து ஏறி முடியும் முன்பே வயரைப் பிடுங்கியிருக்க வேண்டும். அந்த அரைகுறைக் கோப்பைத்தான் நானும் மாதாமாதம் பெரிய டிஸ்க்கில் ஏற்றியிருக்கிறேன், ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல்.

“மத்தவங்க புள்ளைங்களது எல்லாம் வந்துருச்சுல்ல. அது போதும்ணே” என்றாள். சேலைத் தலைப்பால் கீபோர்டைத் துடைத்தாள். அதில் தூசி எதுவும் இருக்கவில்லை.

5. பெரகல

வேறு யாருக்காவது அனுப்பியிருக்கிறார்களா என்று கேட்டேன். மாலாவின் போன் உடைந்து ஒரு வருடம் ஆகிறது. உடைவதற்கு முன் அவள் தன் அம்மாவுக்கு அனுப்பியிருக்கலாம் என்றாள், இழுத்து இழுத்து.

மாலாவின் அம்மா இராசம்மா இருப்பது பெரகலயில். சம்பந்தி இரண்டு பேரும் கவிஷனின் காதுகுத்துக்குப் பிறகு பேசுவதில்லை. வெற்றிலைத் தட்டை முதலில் யாருக்கு நீட்டுவது என்பதில் வந்த மனத்தாங்கல். பிழை யார் பக்கம் என்று தவமணி எனக்கு விளக்கினாள். மாலாவை விட்டுக் கேட்கச் சொல்லலாமே என்றேன்.

“நான் அழிச்சதுக்கு அவ போய் நிக்கிறதா? நானே போறேன்” என்று எழுந்தாள்.

அடுத்த சனிக்கிழமை காலையில் பதுளை போய், அங்கிருந்து பஸ் மாறி அப்புத்தளை தாண்டிப் பெரகலயில் இறங்கினாள். திரும்பி வந்து சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். இராசம்மா ‘வாங்க’ என்று சொல்லாமல் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனாராம். தேத்தண்ணி வந்ததாம். விஷயத்தைக் கேட்டதும் தன் போனை எடுத்து நீட்டினாராம். வீடியோ இருந்தது. கவிஷன் சுவரை விட்டு நான்கு அடி நடக்கிறான், பின்னால் தவமணியின் குரல், “வா ராசா, வா ராசா” என்று.

போன் நிறைந்து எத்தனையோ அழித்தாயிற்று, இதை ஏன் வைத்திருந்தீர்கள் என்று தவமணி கேட்டிருக்கிறாள்.

“உங்க சத்தமும் இருக்கே சம்பந்தி. அதான் அழிக்கல.”

இதைச் சொல்லிவிட்டுத் தவமணி, அந்த வீடியோவை வாங்கி வந்திருந்த தன் போனை என்னிடம் நீட்டினாள். நான் அதை வாங்கிக்கொண்டு, வேலை அவசரம் போல உள்ளே போனேன்.

தை மாதம் மடுவத்துக்கு என் லாப்டாப்பைக் கொண்டுபோனேன். பகல் கொழுந்து நிறுத்து முடிந்ததும் ஒன்பது பேரும், மாலா உட்பட, இடுப்பில் சுற்றிய படங்குச் சேலையோடு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி தன் பிள்ளையின் முதல் அடியைப் பார்த்துவிட்டு, அது எந்த நாள் என்று கேட்டாள். கோப்பில் இருந்த தேதியைச் சொன்னேன். விரல் விட்டு எண்ணினாள். அன்று தான் மேல் மலையில் நின்றதாகவும், நல்ல வெயில் என்றும் சொன்னாள். பிறகு இன்னொரு முறை போடச் சொன்னாள். என் தேதி வியாதிக்கு இதைவிடப் பெரிய கூலி கிடைத்ததில்லை.

டிஸ்க் பற்றிக் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். இருப்பதைக் கணக்குப் பார்த்து அதற்கு மூன்று மடங்கு வாங்குங்கள். நம்ப முடியாத கொள்ளளவை நம்பாதீர்கள். ஏற்றியதைத் திறந்து பாருங்கள். இரண்டாவது பிரதியை வேறு மழை பெய்யும் ஊரில், உங்கள் குரலை அழிக்க மனம் வராத ஒருவரிடம் வையுங்கள்.

அதற்குப் பிறகு என் லேபலில் ஒரு வரி கூடிவிட்டது. எண், தேதி, இருக்கும் வீடு. தவமணியின் புது ஹார்ட் டிஸ்க் இப்போது இராசம்மாவின் அலமாரியில். மாதக் கடைசியில் தவமணி எஸ்.எஸ்.டி.யைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பெரகல போவாள். இராசம்மாவின் மகன் தன் லாப்டாப்பில் ஏற்றிக் கொடுப்பான். ஓய்வுக்குப் பிறகு ஏற்றுவதற்கு அதிகம் இல்லை. ஆனாலும் போகிறாள்.

போன மாதம் அந்தப் பயணம் தவறிவிட்டது. இரண்டாம் நாளே எனக்கு போன் வந்தது. இராசம்மா.

“அண்ணே, மாசம் முடிஞ்சிருச்சு, சம்பந்திய இன்னும் காணோம். அங்க மழையா?”