பதினெட்டுக் கிலோபைட் முகம்

ஒரு மனிதரின் முகத்தைப் பதினெட்டுக் கிலோபைட்டுக்குள் அடக்கியவன் நான். அதைக் கெட்டித்தனம் என்று நினைத்து, தேத்தண்ணிக் கடையில் நாலு பேருக்கு விளக்கம் வேறு சொன்னேன். அந்தப் படம் இப்போதும் என் கணினியில் இருக்கிறது. தபால் முத்திரை அளவு. சாம்பல் நிறச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, இடது தோளில் மண்ணிறமாய் ஒரு சிறு பொட்டு. தட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கும். அவ்வளவு வேகமாகத் திறக்கும் வேறொரு பொருள் என் வீட்டில் இல்லை. வாசற்கதவுகூட மாரி காலத்தில் இறுகிப்போய்விடும்.

படத்தில் இருப்பவர் எங்கள் முன்பள்ளி ரீச்சரின் தம்பி. போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். நெடுங்கேணிப் பக்கம் உள்ள எங்கள் கிராமத்தில் அப்படிக் காணாமல் போனவர்களின் படங்களை ஓர் இணையத்தளத்தில் ஏற்றுவதென்று, வெளிநாட்டில் இருந்த ஊர்ச்சனம் முடிவெடுத்தது. உலகத்தின் ஏதோவொரு மூலையில் யாராவது கண்டு, 'இவரை எனக்குத் தெரியும்' என்று ஒரு வரி எழுதமாட்டார்களா என்ற நம்பிக்கை. நான் கணித ஆசிரியன். அப்போது ஊரில் கணினி வைத்திருந்த ஒரே ஆள். இரண்டையும் கூட்டிச் சனம் என்னை நிபுணன் என்று நம்பியது. கூட்டல் பிழை என்று தெரிந்தும் நான் திருத்தவில்லை.

ரீச்சர் படத்தை மூன்று பொலித்தீன் பைகளுக்குள், காணிப் பத்திரத்தோடு சேர்த்துச் சுற்றிக் கொண்டுவந்தார். ஒவ்வோர் இடப்பெயர்விலும் பானை சட்டியை விட்டுவிட்டு ஓடியவர், அந்தப் பையை மட்டும் நெஞ்சோடு வைத்திருந்தாராம். அவருடைய தமக்கையின் கலியாணத்தில் எடுத்த படம். மாப்பிள்ளை, பொம்பிளை, தாம்பாளத்தோடு தம்பி, அவர் தோளில் கைபோட்டபடி ரீச்சர். தம்பியின் வேறு படம் எதுவும் மிஞ்சவில்லை. அதை ஸ்கான் செய்து முடித்ததும் நான் ஒரு புத்திமதியும் சொன்னேன்.

"இனிப் பயமில்லை, ரீச்சர். கொம்பியூட்டருக்குள்ள போட்டாச்சு. உதைக் காவித் திரியாமல் சுவரில கொழுவுங்கோ."

"உங்கட பெட்டிக்குள்ள இருக்கிறது அழியாதோ, மாஸ்ரர்?"

"அழியவே அழியாது."

தளம் திறந்து ஒரு கிழமைக்குப் பிறகு ரீச்சர் திரும்ப வந்தார். அந்த நாளில் எங்கள் ஊரில் போனுக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் குளக்கட்டு. நான் ஏற்றியிருந்த பாரமான படம் அவருடைய சின்னப் போனில் மேலிருந்து கீழாக, ஊர்ந்து ஊர்ந்து இறங்கும். தலைமயிர் வரும், நெற்றி வரும், புருவத்தோடு டேட்டா முடிந்துவிடும்.

"கண் வர முதல் நிண்டு போகுது, மாஸ்ரர். நாளாந்தம் போய் நெத்தியை மட்டும் பாத்திட்டு வாறன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. தேடித் தேடி வாசித்தேன். போன் திரையின் அகலத்துக்கு மேல் படம் தேவையில்லை. வேண்டாத பகுதியை வெட்டலாம். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தரத்தைக் குறைக்கலாம். எல்லாம் உண்மை. மூலப்படத்தை வேறாக எடுத்துவையுங்கள் என்றும் எழுதியிருந்தது. மருந்துப் போத்தலில் இருக்கும் பொடி எழுத்தை வாசிப்பதுபோல அதை வாசித்துத் தாண்டினேன். மாப்பிள்ளையை வெட்டினேன், பொம்பிளையை வெட்டினேன், தாம்பாளத்தையும் ரீச்சரையும் வெட்டினேன். மிஞ்சிய முகத்தைச் சுருக்கி, கோப்பின் பெயர் மாறினால் தளத்தில் படம் காணாமல் போய்விடும் என்று பயந்து, பழைய பெயரிலேயே பழைய படத்தின் மேல் சேமித்தேன்.

அடுத்த நாள் குளக்கட்டில் ரீச்சர் போனைத் தட்டினார். முகம் முழுதாக வந்தது. "கண் வந்திட்டுது" என்றார். மூடிவிட்டுத் திரும்பவும் தட்டித் திறந்தார். நான் தேத்தண்ணிக் கடைக்குப் போய் என் கெட்டித்தனத்தைப் பேசினேன்.

என் புத்திமதிப்படி அவர் படத்துக்குச் சட்டம் போட்டு மண்சுவரில் கொழுவியிருந்தார். அந்த மாரியில் சுவருக்குள்ளால் கறையான் ஏறியது. இறக்கிப் பார்த்தபோது கண்ணாடி அப்படியே இருந்ததாம்; பின்னால் மண்தான் இருந்ததாம். ரீச்சர் பதறாமல் என்னிடம் வந்தார்.

"நல்லகாலம் உங்களிட்டக் கிடக்கு. பெரிசா ஒண்டு அடிச்சுத் தாங்கோ. பந்தலுக்குப் பிடிச்சுக்கொண்டு போகவேணும்."

காணாமல் போனவர்களின் உறவினர், பதில் கேட்டுப் படங்களோடு தெருவோரத்தில் உட்கார்ந்திருக்கும் பந்தல் அது. கணினி முழுவதும் தேடினேன். இருந்தது பதினெட்டுக் கிலோபைட்தான். அதைச் சொல்லத் துணிவில்லாமல், ஸ்ரூடியோக்காரர் ஏதாவது வித்தை செய்வார் என்று ரீச்சரையும் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஸ்ரூடியோக்காரர் படத்தைத் திரையில் பெருப்பித்தார். முகம் சதுரம் சதுரமாக உடைந்தது.

"அண்ணை, இதுக்குள்ள ஆள் இல்லை. நிறம் மட்டுந்தான் கிடக்கு" என்றார் ஸ்ரூடியோக்காரர்.

அதற்கு மேல் ஒளிக்க இடமில்லை. "பெரிய படத்துக்கு மேல சின்னதை வைச்சு அழிச்சது நான்தான், ரீச்சர்" என்றேன். அவர் ஏசவில்லை. திரையில் அந்தத் தோளின் மேல் இருந்த நாலைந்து மண்ணிறச் சதுரங்களைத் தொட்டார். "இது என்ர கை" என்றார். எல்லோரையும் ஒழுங்காக வெட்டிய நான் அவருடைய விரல்நுனிகளை மட்டும் வெட்ட மறந்திருந்தேன்.

அதையே அச்சடித்து வாங்கினார். பொலித்தீன் பையில் சுற்றினார். பிறகு பந்தலில் யாராவது 'என்ன படம் இது' என்று கேட்டால், "தள்ளி நிண்டு பாருங்கோ, தெரியும்" என்பார். நானும் தள்ளி நின்று பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததில்லை.

போன வருடம் ரீச்சர் காலமானார். அந்தச் சதுரங்களுக்குள் முகம் கண்ட ஒரே ஆளும் போய்விட்டார். இப்போது குசினிக்குள் அடுப்படியில் நின்றாலும் சிக்னல் வருகிறது. எவ்வளவு பாரமான படமும் ஒரு நொடியில் இறங்கும். இறங்குவதற்குப் படம்தான் இல்லை. இன்று காலையும் அந்த முத்திரையைத் தட்டினேன். உடனே திறந்தது.

அன்று வவுனியாவிலிருந்து திரும்பும் பஸ்ஸில், மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் நான் ஒரு சமாதானம் சொன்னேன்: "எண்டாலும் ரீச்சர், சைற்றில இப்ப டக்கெண்டு திறக்குதுதானே."

மடியில் இருந்த பையைச் சரிசெய்துகொண்டு அவர் சொன்னார்: "ஓம், மாஸ்ரர். கெதியாத்தான் திறக்குது. ஆர் வந்து பாத்தது?"