மழைக்குக் காத்திருந்த பாத்தி

மலாயாவின் கிள்ளான் ஸ்டேஷனுக்கு வேலையாகப் போய், சரக்கு வண்டிகளுக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. என் அண்ணி பொன்னம்மாள் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் காய்ச்சலில் காலமாகிவிட்டார். படித்துவிட்டு மீதி வண்டிகளுக்கும் முத்திரை வைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. அழுகை இன்னும் வரவில்லை.

அண்ணன் இறந்தபோது அண்ணியை ஊருக்குத் திரும்பச் சொன்னார்கள். "அங்க யாரு இருக்கா? இங்க கொழுந்தனுக்கு யாரு சோறு போடுவா?" என்று கேட்டு என்னுடனே தங்கிவிட்டார். பிள்ளை இல்லை. ஆனால் ரயில்வே லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டுப் பின்புறத்தில்தான் கிடக்கும்.

அந்தப் பின்புறம் சுத்தக் களிமண். நனைந்தால் சேறு, காய்ந்தால் செங்கல். முதல் வருஷம், "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று அண்ணி ஆடியில் வெண்டை விதைத்தார். இங்கே ஆடி காய்கிற மாதம். ஒன்றும் முளைக்கவில்லை. மறு ஆடியிலும் விதைத்தார்!

"அண்ணி, ஆடி நம்மகூட கப்பலேறி வரலியே" என்றேன். அன்றைக்கு எனக்கு ஊற்றிய குழம்பில் உப்பே இல்லை.

அதன்பிறகு ஒரு சமாதானத்துக்கு வந்தார். ஆடியை விட மனமில்லை; அதனால் ஆடியில் மண்ணைப் பதப்படுத்துவது, மழை பார்த்து விதைப்பது. பெரிய பிள்ளைகள் கட்டி உடைப்பார்கள். சின்னவர்கள் மாட்டுக் கொட்டகையிலிருந்து மக்கிய சாணம் சுமந்து வருவார்கள். ஆறிய எஞ்சின் சாம்பலைச் சலித்துக் கலப்பார்கள். அண்ணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் நிற்பார்.

"டேய், பாத்திய மிதிக்காதடா! மண்ணுக்கு மூச்சு முட்டும்!"

வேலை முடிந்தால் அவித்த மரவள்ளிக் கிழங்கு. கிழங்குக்குத்தான் வருகிறார்கள் என்று நான் சொன்னால், "வரட்டுமே தம்பி, கை வேலை செய்யுதில்ல" என்பார்.

இந்த ஆடியிலும் பாத்தி தயாரானது. மழைதான் வரவில்லை. பாயில் படுத்தபடி பிள்ளைகளிடம் சொன்னாராம்: "மழ பேஞ்ச மறுநாளே போட்டுடணும். விட்டா மண்ணு இறுகிடும்."

அண்ணியை அடக்கம் செய்த பிறகு மழை கொட்டியது. மறுநாள் காலை பின்வாசலில் பிள்ளைகள் நின்றார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் விரட்டினார். "தீட்டு வீட்ல விதை போடுவாங்களா? கருமாதி முடியட்டும், போங்க!"

காமாட்சி என்ற சிறுமி மட்டும் நகரவில்லை. "சித்தப்பா, கருமாதி வரைக்கும் மண்ணு காத்திருக்குமா?"

அடுப்படியில் தொங்கிய விதை டப்பாவை எடுத்து நீட்டினேன். "தீட்டு எனக்குத்தான்மா. மண்ணுக்கில்ல. போடுங்க."

பக்கத்து வீட்டு அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். பிள்ளைகள் விதைத்தார்கள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் கூடவே நடந்தேன்.

"ஐயோ சித்தப்பா, மிதிக்காதீங்க! மண்ணுக்கு மூச்சு முட்டும்!" காமாட்சி கத்தினாள்.

விலகி வரப்பில் நின்றேன். என் கால் தடத்தை அவள் விரலால் கிளறி, அதிலும் ஒரு விதை போட்டாள்.

போய் வாருங்கள், அண்ணி. நான் வரப்பிலேயே நிற்கிறேன்.