பத்து மணிக்குத் திறந்த பாலவாடி

ஸ்டீபன், ஜெசிந்தா... இந்த வாரம் நான் எழுதியிருப்பதை நீங்கள் இருவரும் முதலில் படித்துவிடுங்கள். மற்றப் பிள்ளைகள் பிறகு படிக்கட்டும். உங்களைக் கேட்காமல் அப்பா ஒரு காரியம் செய்துவிட்டேன்.

நீங்கள் அம்மாவோடு கம்பத்துக்குப் படிக்கப் போன பிறகு, நம் எஸ்டேட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாலவாடி திறந்தார்கள். ஓடு போட்ட ஒரே அறை. சுவரில் யானைப் படம், மயில் படம். உப்புமா கிண்ட ஒரு பெரிய பாத்திரம். எல்லாம் இருந்தது - பிள்ளைகள்தான் இல்லை.

ஏன்?

ஏலக்காட்டு வேலைக்கு ஏழு மணிக்கே பேர் கொடுத்தாக வேண்டும்; பேர் பதிந்தால்தான் அன்றைய கூலி. பாலவாடி திறப்பதோ பத்து மணிக்கு. அதுவரை மூன்று வயதுப் பிள்ளையை எங்கே வைப்பது? அம்மாமார் பழையபடி காட்டுக்கே தூக்கிப் போனார்கள். மரக்கிளையில் தூளி, பிள்ளையின் காலில் அட்டை.

ஜீப்பில் வந்து பார்த்த ஆபீசர், "இந்த ஜனங்களுக்குப் படிப்பில் அக்கறையே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வந்தபோது மணி பதினொன்று.

போன திங்கட்கிழமை ரோசம்மா, இடுப்பில் மகளோடு, நான் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோருக்கு வந்தாள். நம் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாளே, அவள்தான். புருஷன் போன பிறகு அவள் கூலி ஒன்றுதான் வருமானம்.

"அண்ணாச்சி, நாளையிலருந்து பிள்ளையத் தூக்கிட்டு வந்தா பேர் கெடையாதாம். மருந்தடிக்கிற காட்டுல பிள்ளை கெடக்கக் கூடாதுன்னு கங்காணி சொல்லுதாரு. நியாயந்தான். நியாயத்த வச்சு நான் என்னத்தப் பொங்க?"

பஸ்ஸில் வந்து இறங்கிய பாலவாடி சாரதா டீச்சரிடம் அவளைக் கூட்டிப்போனேன்.

"டீச்சர், உங்க பள்ளிக்கூடம் கண்ணு முழிக்கதுக்குள்ள நாங்க பாதி வேலைய முடிச்சிருதோம்" என்றாள் ரோசம்மா.

டீச்சர் சிரிக்கவில்லை; தன் மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "எந்து செய்யும் ரோசம்மா? முதல் பஸ்ஸே ஒன்பதரைக்கல்லே. இவிடே தங்க ஒரு முறி கிடைச்சா ஞான் ஆறரைக்கே திறப்பேன்."

முறி என்றால் அறை. எஸ்டேட் லைன் வீடுகளில் அறைக்கு எங்கே போவது?

"எங்க ஒத்த ரூமுல கொழுந்தன் குடும்பமும் சேந்து கெடக்கு. ஒங்களையும் கூட்டிக்கிட்டா அடுக்கித்தான் வைக்கணும்" என்றாள் ரோசம்மா.

இருவரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன்... இரண்டு அறையும் ஒற்றை ஆளுமாக இருக்கிற வீடு இந்த லைனில் ஒன்றுதான்.

"நம்ம வீட்ட எடுத்துக்கோங்க டீச்சர்."

"அப்போ சேட்டன் எவிடே கிடக்கும்?"

"ஸ்டோர்ல படுத்துக்கிடுதேன். கதகதன்னு இருக்கும்."

ரோசம்மாதான் கேட்டாள்: "லீவுக்குப் பிள்ளைக வந்தா அண்ணாச்சி?"

நான் முதலாளியிடம் கேட்கப் போய்விட்டேன். முதலாளியும் சரி என்றுவிட்டார்.

இப்போது ஆறரைக்கெல்லாம் பாலவாடிக் கதவு திறக்கிறது. ரோசம்மாவின் மகள் முதல் நாள் தொண்டை கட்ட அழுதாள். மறுநாள் அம்மா போனதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோசம்மா கைவீசி நடந்து வேலைக்குப் போவதை அன்றுதான் பார்த்தேன். அவளைப் பார்த்து மற்றவர்களும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். திட்டம் போடுகிறவர்கள் விடியற்காலையில் ஒரே ஒரு தடவை இங்கே வந்து நின்றிருந்தால் போதாதா?

நல்ல காரியம்தான். சந்தேகமில்லை. ஆனால் வேலை முடிந்ததும் கால்கள் தாமாக நம் வீட்டு வாசல்வரை போய்விடுகின்றன. கொடியில் டீச்சரின் சேலை காய்வதைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறேன்.

லீவுக்கு நீங்கள் என்னோடு ஸ்டோரில்தான் படுக்க வேண்டும். கோபப்படாதீர்கள்.

டீச்சரிடம் சாவியைக் கொடுத்த அன்று, ஸ்டோரில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஈரவாடை அடித்துக்கிடந்த உங்கள் கம்பளிகள் இரண்டையும் ஏலக்காய்த் தட்டுகளுக்கு நடுவே விரித்துக் காயப்போட்டேன்.