ஐஸில் வைக்காத பலகை

மர்சூக் மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பாலாவிச் சந்தியில் கற்பிட்டி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். அவரைப் பார்க்கத்தான் புறப்பட்டிருந்தேன், அவரிடம் சொன்ன ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள. "நெஞ்சு வலி எண்டு சொன்னாரு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே முடிஞ்சிட்டு. அஸர் தொழுகைக்குப் பொறகு ஜனாஸா அடக்கம்" என்றார் ஃபோனில் அவருடைய மச்சினன். எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, பயம்.

அவரையும் எங்கள் வேலையையும் அறியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மின்சாரம் வந்ததும் ஒரு கணினிப் பலகையில் எல்லாவற்றுக்கும் முன்பு விழித்து ஓடும் நிரல்தான் ஃபர்ம்வேர். யாரும் எடுக்கலாம், திருத்தலாம் என்று திறந்துவைத்த அப்படியொரு நிரலை அவரும் நானும் எட்டு வருடங்களாகப் பராமரித்தோம்.

ஒருமுறை ராம் எனும் நினைவகத் தகட்டின் புதிய வகை ஒன்றுக்கான நிரல் கோப்பை யாரோ அனுப்பினார்கள். எந்த நிபந்தனையில் பகிரலாம் என்று சொல்லும் உரிம வரி ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இருக்க வேண்டும். இதில் எங்கள் வழக்கமான வரியே இருந்தது. மர்சூக்கிற்கு மட்டும் சந்தேகம். தேடிப் பார்த்தால், வேறொருவர் எழுதியதை எடுத்து, அவருடைய பெயரையும் வரியையும் வெட்டிவிட்டு எங்களுடையதை ஒட்டியிருக்கிறார்கள். உண்மையில் எழுதியவரின் பதில் வரும்வரை மூன்று மாதம் மர்சூக் அந்தக் கோப்பைத் தொட விடவில்லை. நான் எரிந்து விழுந்தேன். "அடுத்தவன்ட பேர வெட்டிட்டு நம்மட பேரப் போட ஏலாது மச்சான். கோட்டு கேஸுக்குப் பயந்து சொல்லல்ல, அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்றன்" என்றார்.

ஐஸ் பெட்டிக் கதை உங்களில் பலருக்குத் தெரியாது. ராம் தகடு சூட்டில் ஒரு மாதிரியும் குளிரில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். கற்பிட்டியில் குளிருக்கு எங்கே போவது? கடற்கரையில் மீனவர் கொட்டிலான மீன் வாடியில், ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பெட்டி நிறைய ஐஸ் வாங்கி, பலகையைப் பொலித்தீனில் சுற்றி உள்ளே வைப்பார். பத்துத் தடவை மின்சாரத்தை நிறுத்திப் போடுவார். பத்துத் தடவையும் விழித்தால்தான் 'சோதித்தவர்' என்ற இடத்தில் தன் பெயரைப் போடுவார். "இவரு மீன் விக்கிறாரா, மெஷின் செய்றாரா எண்டு ஊரே கேக்குது" என்பார் அவர் மனைவி ஸம்ரா.

கடைசியாக வந்த ராம் தகடு என்னிடம் இருந்தது. மலைநாட்டில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில், தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிகளைக் கவனிக்கும் பலகைகளுக்கு அது தேவைப்பட்டது. கரண்ட் போய் வந்தால் பலகை தானாக விழிக்க வேண்டும். விழிக்காவிட்டால் மருந்து கெட்டுப்போவது யாருக்கும் தெரியாது. அதற்காக நிரலில் செய்த மாற்றத்தை, பலகையை என் மேசையிலேயே வைத்துச் சோதித்தேன். பாலாவி வெக்கையில் பத்துத் தடவையும் விழித்தது. ஐஸுக்கு அலைய அலுப்பாக இருந்தது.

மர்சூக் அழைத்தார்.

"ஐஸ்ல வெச்சியா?"

"ஓம், வெச்சன்."

"பத்தும் சரியா?"

"பத்தும் சரி."

"அப்ப போடுவம். ஒன்ட சொல்லு போதும் எனக்கு."

'சோதித்தவர்' என்ற இடத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரையும் போட்டு அந்த மாற்றத்தை வெளியிட்டார். கண்ணால் பார்க்காமல் அவர் பெயர் போட்ட ஒரே இடம் அதுதான். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள்தான் பஸ்ஸுக்குப் போய் நின்றேன்.

அவரை அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து திரும்பியதும் ஸம்ராவிடம் பெட்டியைக் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் எடுத்துத் தந்தார். அதே வாடியில் ஐஸ் வாங்கி, கையோடு கொண்டுவந்திருந்த பலகையைப் பொலித்தீனில் சுற்றி உள்ளே வைத்தேன். ஆறு தடவை விழித்தது. ஏழாவது தடவை பலகையின் விளக்கு எரியவில்லை. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது, எரியவே இல்லை.

அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன். ஆஸ்பத்திரிக்கும் எழுதிவிட்டேன், இதை எழுதும்வரை பதில் இல்லை. வாசிக்கும் உங்களில் யாராவது அதைப் போட்டிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே பழையதற்குத் திரும்புங்கள்.

என்னிடம் மிஞ்சியிருப்பது மீன்வாடை போகாத அந்தப் பெட்டியும், "வெச்சியா?" என்ற கேள்வியும்தான். எங்கள் பதிவேட்டில் எழுதியதை யாராலும் அழிக்க முடியாது. சோதித்தவர் மர்சூக் என்றுதான் அதில் என்றைக்கும் இருக்கும். அதன் கீழே நான் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: அவர் சோதிக்கவில்லை, என்னை நம்பினார்.