டீகாமாயா தட்டிய கதவுகள்

அமெரிக்காவில் ஈரி நகரத்தின் கிழக்குப் பக்கத்தில், கையில் அட்டையும் பேனாவுமாக ஒருவர் படியேறி வருவது தெரிந்தால் போதும், எங்கள் வீடுகளில் டிவியையும் விளக்கையும் அணைத்துவிட்டுப் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்துவிடுவோம். பூட்டானிலிருந்து துரத்தப்பட்டு, நேபாளத்து அகதி முகாமில் மூங்கில் குடிசையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இந்த ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்த பிறகும் அந்தப் பயம் விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தவள் டீகாமாயா நியோபானே. பிளாஸ்டிக் மூடி செய்யும் ஆலையில் வாரமெல்லாம் நின்று வேலை பார்க்கிறவளுக்கு, லீவு நாளிலும் ஒளிந்து உட்காரப் பொறுமை இல்லை. வாசலில் நின்றிருந்தவள் வெர்லீன் டாலிவர். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற கறுப்பினத்துப் பெண்மணி, பக்கத்துத் தெருக்காரி. எந்தக் கட்சியையும் சேராத ஒரு வாக்காளர் சங்கத்துக்காக வீடு வீடாக நடப்பவள்.

"வாசல்ல இவ்வளவு செருப்பு கெடக்கு, உள்ள ஒரு சத்தத்தையும் காணோம். எத்தனை பேருக்கும்மா ஓட்டு இருக்கு?"

"எல்லாருக்கும் இருக்குக்கா. யாரும் பேர் பதிஞ்சதுமில்ல, போட்டதுமில்ல."

"ஏன்?"

"யாரும் வந்து கேக்கலையே."

"கேக்க வந்தாத்தான் வெளக்க அணைச்சிடுறீங்களே!" என்று வெர்லீன் வாய்விட்டுச் சிரித்தாள். டீகாமாயாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே அழைத்து டீ கொடுத்தாள். எழுந்து போகும்போது வெர்லீன் கேட்டாள்: "உங்க ஆளுங்க வீட்டுக்கு எங்கூட வர்றியா? உன் மூஞ்சியப் பாத்தா கதவு தொறப்பாங்க."

அந்த வருடம் நவம்பரில் மாநில செனட் தேர்தல். போன தடவை எங்கள் தொகுதியில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் இருந்த வித்தியாசம் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் அடங்கிவிடும். எங்கள் சனம் மட்டும் அதைப் போல நாலு மண்டபத்தை நிரப்பும். வெர்லீன் இதைச் சொன்ன அன்றைக்கு டீகாமாயாவுக்குத் தூக்கம் வரவில்லை. பிறந்த நாட்டில் ஆளே இல்லை என்று எழுதி வைக்கப்பட்டவளுக்கு, இங்கே தன்னை எண்ணினால் கணக்கே மாறும் என்பது லேசான சேதியா?

தினமும் ஆலை விட்டதும் இருவரும் வீடு வீடாக நடந்தார்கள். கோயிலில் பெண்கள் கேலி செய்தார்கள். "என்ன டீகாமாயா, கட்சிக்காரி ஆயிட்டியாமே! எந்தக் கட்சி, எவ்வளவு குடுக்குறான்?"

"யாருக்குப் போடணும்னு என் வாயில வராதுடி. போடுங்கன்னு மட்டும்தான் சொல்லுவேன்."

அவள் கணவன் சந்திரலால் தன் பங்குக்குச் சொன்னான்: "எனக்குச் சோறு போடவும் ஒரு சங்கம் இருந்தா சொல்லு, சேந்துக்கிறேன்." ஆனாலும் அவன்தான் சமைத்து வைத்தான்.

வெர்லீனோடு அவள் கறுப்பர் வீடுகளுக்கும் போனாள், காங்கோக்காரர்கள் குடியிருப்புக்கும் போனாள். போலந்து வம்சத்துக் கிழவர் ஒருவர் கதவை முழுக்கத் திறக்காமலே சீறினார். "எனக்கு ஓட்டுப் போடச் சொல்ல நீ யாரு? எப்ப வந்த இங்க?"

"பதினோரு வருஷமாச்சுங்க. போன குளிர்ல உங்க வாசப் பனிய வாரிக் கொட்டினது எம்புருஷன்தான்."

"யாரு, அந்தக் குட்டையனா? நல்ல பயலாச்சே!" என்று கிழவர் கதவைத் திறந்தார்.

உண்மையான முட்டுக்கட்டை சொந்த சனத்திலேயே இருந்தது. பூர்ண பகதூர் ராய் பெரியவர் எது சொல்கிறாரோ அதுதான் எங்கள் தெருவில் நடக்கும். வாக்காளர் பதிவுத் தாளைப் பார்த்ததுமே அவர் முகம் இறுகிவிட்டது.

"அங்கயும் இப்பிடித்தான் ஒரு தாள நீட்டினாங்க. விரும்பித்தான் நாட்ட விட்டுப் போறேன்னு எழுதிக் கையெழுத்து வாங்கினாங்க. சிரிங்கடான்னு சொல்லி போட்டோ எடுத்தாங்க. நான் சிரிச்சேன், தாயி. எம்பொண்டாட்டி புள்ளைங்கள வண்டியில ஏத்திட்டு நான் சிரிச்சேன். இனிமே எந்தத் தாளுலயும் என் கை படாது."

டீகாமாயாவின் அப்பாவும் அதே மாதிரி சிரித்தவர்தான். பெரியவர் சொன்னதை அவள் வெர்லீனுக்கு ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னாள். வெர்லீன் பெரியவரைப் பார்த்துப் பேசினாள். டீகாமாயா நேபாளியில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"எங்கம்மா அலபாமாவுல சலவைக்கடையில வேலை பாத்தா. ஓட்டுக்குப் பேர் குடுக்கப் போனா, கறுப்பருங்க ஓட்டுப் போடக் கூடாதுன்னு, சட்டத்துலேர்ந்து ஒரு பக்கத்த ஒப்பிக்கச் சொல்லித் தொரத்திட்டாங்க. திரும்பப் போனா. வேலை போச்சு. அதுக்கப்புறமும் போனா."

"அப்புறம்?" என்றார் பெரியவர்.

"பேர் ஏறுறதுக்குள்ள ரொம்ப வருஷம் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் சாகற வரைக்கும் ஒரு தேர்தலையும் விட்டதில்ல."

"இந்தம்மாவுக்கு இன்னொரு டீ குடு" என்று மட்டும் பெரியவர் மருமகளிடம் சொன்னார். அன்று கையெழுத்தும் போடவில்லை.

ஒரு வாரம் கழித்து அவரே ஆளனுப்பினார். "போட்டோ கீட்டோ எடுக்கக் கூடாது" என்றார். தாளை மேசையில் வைத்து, ஒவ்வொரு வரியையும் டீகாமாயாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே தெரு முழுக்கப் பேர் கொடுத்தது.

தேர்தலன்று ஏரியிலிருந்து பனி கொட்டியது. கோயில் வேனை டீகாமாயா ஓட்டினாள். தன் தேவாலயத்து வேனை வெர்லீன் ஓட்டினாள். காங்கோக் குடியிருப்பு ஏற்றத்தில் சக்கரம் வழுக்கியபோது ஏறியிருந்தவர்களே இறங்கித் தள்ளினார்கள். வாக்குச்சாவடியில், முதல் தடவை வருகிறவர்களின் அடையாள அட்டைகளைப் பார்த்துக்கொண்டே வந்த சாவடி அலுவலர் லொரெய்ன் பாட்டியம்மா திகைத்துப்போனார்.

"என்னம்மா இது, உங்க தெருவுல எல்லாருமே ஜனவரி ஒண்ணாம் தேதிதான் பொறந்தீங்களா?"

"பொறந்த தேதி யாருக்குமே தெரியாதுங்க. முகாம்ல அவங்களே போட்டுக் குடுத்தது."

"அப்ப எல்லாருக்கும் சேத்து ஒரே கேக்கு, செலவு மிச்சம்!" என்றார் அவர். வரிசையே சிரித்தது.

இருட்டி வெகுநேரம் ஆனபின் கடைசி ஆளைச் சாவடிப் பக்கம் இறக்கிவிட்டு டீகாமாயா ஸ்டியரிங்கில் தலை சாய்த்தாள். வெர்லீன் கண்ணாடியைத் தட்டினாள்.

"நீ எப்பப் போட்ட?"

டீகாமாயா திருதிருவென்று விழித்தாள்.

"அடிப்பாவி! சாவடிய மூடப்போறாங்க, எறங்குடி!"

இருவரும் பனியில் கைகோத்துக்கொண்டு ஓடினார்கள். லொரெய்ன் அம்மா எழுந்து நின்று சீட்டைக் கொடுத்தார். மறைப்புக்குள் நின்று டீகாமாயா பேனாவைப் பிடித்தாள். பேர் பேராக நிதானமாகப் படித்தாள். ஒரு பேருக்கு எதிரே இருந்த வட்டத்தை, துளி வெள்ளை தெரியாமல், கறுப்பாக்கினாள். எதற்கென்றே தெரியாமல் கண்ணீர் வந்தது. சீட்டு நனைந்துவிடக் கூடாதே என்று அவசரமாகத் துடைத்துக்கொண்டாள்.

எண்ணி முடிக்கச் சில நாள் ஆனது. இந்த முறை வித்தியாசம் இன்னும் குறைவு. எங்கள் வட்டாரத்தில் இவ்வளவு பேர் ஓட்டுப் போட்டது இதுவே முதல் தடவை என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. தான் யாருக்குப் போட்டாள் என்பதை டீகாமாயா சந்திரலாலிடம்கூட இன்றுவரை சொல்லவில்லை. வசந்தத்தில் நகரசபைத் தேர்தல் வந்தபோது இரண்டு கட்சி வேட்பாளர்களும் எங்கள் கோயிலுக்கு வந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்து, அரிசிமாவில் வளையமாகப் பொரிக்கும் எங்கள் செல் ரொட்டியைத் தின்றார்கள். பூர்ண பகதூர் பெரியவர் இருவரையும் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டுக் குடைந்தார். மொழிபெயர்க்க டீகாமாயாவைத் தேடினால் ஆளைக் காணோம். சிரியாக்காரர்கள் புதிதாகக் குடிவந்த தெருவுக்கு வெர்லீனோடு போயிருந்தாள்.